பழைய காரில் பின் பிரேக் காலிப்பர் மாற்றலாமா? டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் பதினைந்து இருபது வருஷ வண்டியைக் கைவிடாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய. அவர்கள் பின் பிரேக்கைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் படித்துவிட்டு ஏமாந்தோம் என்று யாரும் நினைக்கக் கூடாது. காலிப்பர் என்பது வீலோடு சுற்றுகிற டிஸ்க் என்ற தட்டை, பேட் என்ற இரண்டு கட்டைகளால் இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கிற பாகம்; ஆயில் அழுத்தத்தில் அதற்குள் இருக்கிற பிஸ்டன் பேடைத் தள்ளும். பின் காலிப்பரை மாற்றுவதற்கு நல்ல காரணம் ஒன்றுதான்: இப்போது இருக்கிற காலிப்பர் ஜாம் ஆகிறது, பிடித்தால் விடமாட்டேன் என்கிறது. பெரிதாகப் போட்டால் கெத்தாக இருக்கும் என்பதற்காக அதில் கை வைக்காதீர்கள்.

பின்னால் பெரிய காலிப்பர் போட்டால் வண்டி சட்டென்று நிற்குமா?

நீங்கள் நினைக்கிற அளவுக்கு வித்தியாசம் இருக்காது. பிரேக் மிதித்ததும் வண்டி மூக்கைக் குனிகிறது இல்லையா, அப்போது பின் வீல் மேல் இருந்த பாரத்தில் ஒரு பங்கு முன்னால் போய்விடுகிறது. ஒரு கணக்குக்கு 1200 கிலோ வண்டி, நிற்கும்போது முன்னால் 720 கிலோ, பின்னால் 480 கிலோ என்று வையுங்கள். முன் வீலுக்கும் பின் வீலுக்கும் இடைவெளி 2.5 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம். காய்ந்த தார் ரோட்டில் ஆடு குறுக்கே ஓடி வந்து நீங்கள் முழுப் பலத்தோடு மிதித்தால் சுமார் 210 கிலோ பாரம் பின்னாலிருந்து முன்னால் தாவும். பின்னால் மிஞ்சுவது 270 கிலோ. டயர் ரோட்டைப் பிடிப்பதே மேலே இருக்கிற பாரத்தை வைத்துத்தான், அந்த 270 கிலோவுக்கு எவ்வளவு பிடிக்குமோ அதற்கு மேல் பிரேக் கொடுத்தால் பின் வீல் பூட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டே போகும். முன் வீல் பூட்டினால் ஸ்டியரிங் கேட்காது, ஆனால் வண்டி நேராகவாவது போகும். பின் வீல் முதலில் பூட்டினால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் பள்ளத்தில் வயல், நடுவே ஒன்றரை வண்டி அகலத்துக்கு ரோடு என்று இருக்கிற இடத்தில் அப்படிச் சுற்றினால் எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கம்பெனிக்காரர்கள் பின்னால் சின்னதாகப் போட்டிருப்பது காசை மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை.

அப்படியானால் எதற்காக மாற்றுவது?

பின்னால் டிஸ்க் உள்ள பழைய வண்டிகளில் பலவற்றில் ஹேண்ட்பிரேக்கும் அதே காலிப்பருக்குள்தான் இருக்கிறது. காலிப்பரின் முதுகில் ஒரு சின்ன லீவர், அதில் ஹேண்ட்பிரேக் கேபிள் மாட்டியிருக்கும். கேபிள் இழுத்தால் லீவர் திரும்பும், உள்ளே இருக்கிற மரை போட்ட தண்டு பிஸ்டனைத் தள்ளும். லீவரின் அச்சு வெளியே வருகிற இடத்தில் ஒரு ரப்பர் சீல். அந்த சீல் வயதாகி வெடித்துவிட்டால் தண்ணீர் உள்ளே போகும், அச்சு துருப்பிடிக்கும், லீவர் திரும்பிய இடத்திலேயே நின்றுவிடும். ஹேண்ட்பிரேக்கை நீங்கள் இறக்கிவிட்டாலும் உள்ளே பேட் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும்.

டெல்டாவில் இது சீக்கிரம் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதே இல்லை. எங்கள் ஊர் தட்டையான பூமி. ஏற்றம் என்று சொன்னால் ஆற்றுப் பாலத்துக்கு ஏறுகிற இடமும் ரயில்வே மேம்பாலமும்தான். அதனால் ஹேண்ட்பிரேக் இழுக்கிற பழக்கமே நிறைய பேருக்குக் கிடையாது, கியரில் போட்டு நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். மாதக்கணக்கில் அசையாத லீவர், அதோடு ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீர், வயலிலிருந்து ஏறுகிற டிராக்டர் ரோட்டில் உதறிவிட்டுப் போகிற சேறு, நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக் காற்று வேறு. அசையாத இரும்பு துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? தினமும் ஒரு தடவை ஹேண்ட்பிரேக் இழுத்து விடுங்கள், தேவை இருக்கிறதோ இல்லையோ. இதற்கு ஒரு காசு செலவில்லை.

ஜாம் ஆகியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தஞ்சாவூர் வரை போய் வந்த பிறகு நான்கு வீலுக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம், சுட்டுவிடும். இடது பின் வீலுக்கும் வலது பின் வீலுக்கும் சூட்டில் தெளிவான வித்தியாசம் தெரிந்தால் சூடான பக்கம் விடவில்லை என்று அர்த்தம். கருகிய வாசனை, மைலேஜ் குறைவது, நியூட்ரலில் விட்டால் வண்டி சீக்கிரம் நின்றுவிடுவது எல்லாம் அடுத்த அடையாளங்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு, அது பிடிக்கவே பிடிக்காத காலிப்பர். அதைக் கண்டுபிடிக்க டிஸ்க்கின் முகத்தைப் பாருங்கள். ஒழுங்காக வேலை செய்கிற டிஸ்க் இரண்டு பக்கமும் பளபளவென்று இருக்கும். வெளிமுகம் பளபளப்பாகவும் உள்முகம் துருவும் கோடுமாக இருந்தால், அல்லது அதற்கு மாறாக இருந்தால், ஒரு பேட் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலோர் வெளியே தெரிகிற முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று திருப்திப்படுகிறார்கள். குனிந்து, முடிந்தால் மொபைல் டார்ச்சை வீலுக்குப் பின்னால் கொண்டுபோய், உள்முகத்தைப் பார்க்க வேண்டும்.

சார், உள் பேட் தேய்ந்துவிட்டது, வெளி பேட் புதுசு மாதிரி இருக்கிறது. காலிப்பர் போய்விட்டதா?

அநேகமாக இல்லை. ஸ்லைடு பின் இறுகியிருக்கும். இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான், அது உள் பேடைத் தள்ளும், தள்ளிய எதிர்விசையில் காலிப்பர் மொத்தமும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளி பேடை இழுக்கும். அந்தப் பின்கள் வழுக்கவில்லை என்றால் உள் பேட் மட்டும் தனியாக உழைக்கும். பின்னைக் கழற்றித் துருவை நீக்கி, பள்ளம் விழுந்திருந்தால் புதுப் பின்னும் ரப்பர் பூட்டும் (தண்ணீர் புகாமல் மூடுகிற உறை) போட்டு, பிரேக்குக்கென்றே விற்கிற சிலிக்கான் கிரீஸ் வையுங்கள். பட்டறையில் டப்பாவில் இருக்கிற சாதாரண கிரீஸை வைக்க விடாதீர்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும், உப்பிய ரப்பர் பின்னை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், ஆறு மாதத்தில் பழைய கதைதான். காலிப்பரைப் பெட்ரோலிலோ டீசலிலோ போட்டுக் கழுவுவதும் அதே காரணத்துக்காகக் கூடாது. பிரேக் கிளீனர் ஸ்பிரே இருக்கிறது, இல்லையென்றால் புது பிரேக் ஆயிலாலேயே கழுவலாம்.

கிட் மட்டும் போட்டால் போதாதா, முழுக் காலிப்பர் வாங்க வேண்டுமா?

பிஸ்டனில் சின்னப் புள்ளி அளவு துருக் குழி கூட இல்லாமல் வழவழப்பாக இருந்தால், சீலும் பூட்டும் கொண்ட கிட் போதும், செலவும் மிகக் குறைவு. பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் புது சீல் போட்டாலும் அந்தக் குழி அதைக் கிழித்துவிடும். ஹேண்ட்பிரேக் லீவரின் அச்சு துருப்பிடித்திருந்தால் நான் கிட்டை நம்புவதில்லை. பிரித்து எண்ணெய் விட்டு அசைத்தால் அன்றைக்கு வேலை செய்யும், மழைக்காலம் வந்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளும். அங்கே முழுக் காலிப்பர்தான், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று வைத்தால் ஈர ரோட்டில் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் பழைய கோல்ஃப் காருக்கு அலுமினியக் காலிப்பர் போடுகிறார்களே, என் ஆக்டேவியாவுக்கு அது பொருந்துமா?

அது நல்ல வேலைதான், ஆனால் அவர்கள் செய்வது என்ன என்று புரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஜெட்டா கார்களில் பின்னால் வந்தது வார்ப்பிரும்புக் காலிப்பர். அதில் ஹேண்ட்பிரேக் லீவர் ஜாம் ஆவது தீராத தலைவலி. நான்காம் தலைமுறையில் கம்பெனி அதை அலுமினிய உடம்போடு, லீவரை இழுத்துத் திருப்பிவிட வெளியே தெரிகிற ஸ்பிரிங்கோடு மாற்றியது. பழைய வண்டிக்காரர்கள் இந்தப் புதுக் காலிப்பரை எடுத்துத் தங்கள் பழைய பிராக்கெட்டிலேயே மாட்டிக்கொள்கிறார்கள், பிரேக் ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் மட்டும் அதற்கு ஏற்றபடி மாற வேண்டும். வண்டியின் பிரேக் பலம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, கோளாறு போகிறது. எனக்குப் பிடித்தது இந்த மாதிரி மாற்றம்தான்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். 2001-இல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா, அந்த நான்காம் தலைமுறை கோல்ஃபின் அடித்தளத்தில் கட்டப்பட்ட வண்டி. பின்னால் டிஸ்க் உள்ள ஆக்டேவியா வைத்திருந்தால் அவர்கள் தேடிப் போகிற அந்தக் காலிப்பரின் குடும்பம்தான் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அதே அளவில் புதுசு, புதுக் கேபிள், புது ஹோஸ். இருபது வருஷ ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும்போது அழுத்தம் போகும், காலை எடுத்தால் ஆயில் திரும்பி வராது. அதைப் பார்த்துவிட்டுக் காலிப்பர் ஜாம் என்று முடிவு கட்டிப் பணத்தைக் கொட்டியவர்கள் உண்டு.

அண்ணே, வேறு வண்டியின் காலிப்பர் பிஸ்டன் 4 மில்லிமீட்டர்தான் பெரிசு, போட்டுவிடலாமா?

தம்பி, அந்த 4 மில்லிமீட்டரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தள்ளுகிற விசை பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 34 மில்லிமீட்டர் பிஸ்டனின் பரப்பு 908 சதுர மில்லிமீட்டர், 38 என்றால் 1134. அதாவது பின்னால் பிடி 25 சதவீதம் கூடிவிட்டது. முன்னால் எதையும் மாற்றவில்லை. முதல் கேள்வியில் சொன்ன அந்த 270 கிலோ பின் டயர் மேல்தான் இந்த 25 சதவீதமும் போய் விழும். காய்ந்த ரோட்டில் ஒருவேளை தெரியாமல் இருக்கும், மழையில் நனைந்த ரோட்டில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, பெரிய பிஸ்டனை அதே தூரம் நகர்த்த அதிக ஆயில் வேண்டும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பழையதுதான் என்பதால் பெடல் முன்பைவிடக் கீழே போகும். ஏ.பி.எஸ். இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். ஏ.பி.எஸ். உங்கள் வண்டியில் கம்பெனி போட்ட பிரேக்குக்காகக் கணக்குப் பண்ணியது. பூட்டுகிற வீலை அது விட்டு விட்டுப் பிடிக்கும், தப்பான அளவில் போட்ட காலிப்பரைச் சரியான காலிப்பராக மாற்றிவிடாது. அதே விட்டம், அதே டிஸ்க் அளவு, இல்லையென்றால் அதே வண்டியின் உயர் மாடலில் முன் பிரேக், மாஸ்டர் சிலிண்டர், வால்வு எல்லாம் சேர்த்து வந்த முழு செட். இதில் நடுவழி கிடையாது.

மாருதி 800, எஸ்டீம், அம்பாசிடருக்குப் பின்னால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடலாமா?

வேண்டாம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் சொல்கிறேன். டிரம் என்பது வீலோடு சுற்றுகிற கிண்ணம், அதன் உள்சுவரில் லைனிங் அழுந்திப் பிடிக்கும். அந்தச் சுழற்சியே லைனிங்கை இன்னும் இழுத்து இறுக்கும், அதனால் குறைந்த அழுத்தத்தில் நன்றாகப் பிடிக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, அதற்கு அழுத்தம் அதிகம் வேண்டும். ஆகவே மாஸ்டர் சிலிண்டர், பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு எல்லாமே மாற வேண்டிவரும். சில பழைய வண்டிகளில் டிரம்முக்காக லைனில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்கிற வால்வு இருக்கும், அதை விட்டுவிட்டு டிஸ்க் போட்டால் பேட் உரசிக்கொண்டே ஓடும். மாருதி 800-க்கு 12 அங்குல வீல், அதற்குள் டிஸ்க்கும் காலிப்பரும் உட்கார இடமே பெரிய பாடு. அம்பாசிடரில் இடம் இருக்கிறது, ஆனால் ஆக்சில் கூட்டில் லேத்தில் செய்த பிராக்கெட்டை வெல்டிங் வைத்து அதன் மேல் ஒரு குடும்பத்தின் உயிரைத் தொங்கவிட எனக்கு மனம் வராது. ஹேண்ட்பிரேக்குக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டோம் என்கிறார்கள்!

டிரம்மையே நன்றாக வையுங்கள். வீல் சிலிண்டர் கசிகிறதா, லைனிங்கில் எண்ணெய் ஏறியிருக்கிறதா, டிரம் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா, இடைவெளியைச் சரிசெய்கிற அட்ஜஸ்டர் திரும்புகிறதா என்று பார்த்துச் சரிசெய்தாலே மிதித்ததும் வண்டி ஒழுங்காக நிற்கும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்பாரா? இன்சூரன்ஸில் சிக்கல் வருமா?

சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம், அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிரேக் பிடிக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். அதே மாடலுக்கான புதுக் காலிப்பர் போடுவது ரிப்பேர்தான், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டிரம்மை டிஸ்க் ஆக்குவது போன்ற பெரிய வேலை என்றால் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்டுபிடிப்பதைவிட அது நல்லது.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து பிரித்த பார்ட்ஸ் வாங்கலாமா?

பிராக்கெட், போல்ட், வீல், இதெல்லாம் வாங்கலாம். காலிப்பர் வாங்கினால் அதன் உடம்புக்காக மட்டும் வாங்குங்கள், உள்ளே சீல் எல்லாம் புதுசு போட வேண்டும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது லீவரைக் கையால் திருப்பிவிட்டு ஸ்பிரிங் அதைத் தானாகத் திருப்பிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். நிப்பிளில், அதாவது பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியே விடுகிற சின்னத் திருகில், ஸ்பேனர் வைத்து அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்துபோன நிப்பிள் உள்ள காலிப்பர் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பேட், ஹோஸ், பிரேக் ஆயில் மூன்றையும் பழையது வாங்கவே கூடாது.

வீட்டு வாசலிலேயே செய்யலாமா?

ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இருந்தால் செய்யலாம், ஆனால் தரை முக்கியம். எங்கள் பக்கத்துக் களிமண்ணில், அதுவும் மழைக்குப் பிறகு, ஜாக்கி மெதுவாக உள்ளே இறங்கும், நீங்கள் பார்க்கும்போது நேராகத்தான் இருக்கும். சிமெண்டுத் தளத்தில் மட்டும் செய்யுங்கள். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு ஸ்டாண்டு கொடுக்காமல் கையை உள்ளே விடக் கூடாது. இந்த வேலைக்கு ஹேண்ட்பிரேக்கை இறக்கிவைக்க வேண்டும், அதனால் முன் வீலுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுங்கள். முன் வீல் இழுக்கிற வண்டி என்றால் கியரில் போட்டும் வைக்கலாம். அம்பாசிடர் மாதிரி பின் வீல் இழுக்கிற வண்டியில் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கியர் எதையும் பிடிக்காது, கட்டைதான் காப்பாற்றும்.

பழைய பேடின் தூளைக் காற்று அடித்து ஊதாதீர்கள். பழைய பேடிலும் லைனிங்கிலும் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடையுங்கள்.

பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அமுக்கினேன், உள்ளே போகவில்லை. ஏன்?

இன்னும் அமுக்காதீர்கள்! ஹேண்ட்பிரேக் உள்ளே இருக்கிற காலிப்பரின் பிஸ்டன் மரையில் உட்கார்ந்திருக்கிறது. அமுக்கிக்கொண்டே திருக வேண்டும், பெரும்பாலான வண்டிகளில் கடிகார முள் சுற்றும் திசையில், சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் மாறியும் இருக்கும். இதற்கென்று தனி டூல் விற்கிறார்கள். முன் காலிப்பர் மாதிரியே கிளாம்ப் போட்டு முழு பலத்தோடு நெருக்கினால் உள்ளே இருக்கிற அட்ஜஸ்டர் நசுங்கிவிடும், புதுக் காலிப்பரையே பாழாக்கிய பட்டறைகள் உண்டு. அதனால் வேலை தொடங்குவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் அந்த டூல் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் வேறு பட்டறை பாருங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது பானெட்டுக்குள் இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஏறும், வழிந்தால் பெயின்ட்டை உரித்துவிடும், ஒரு துணியைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், பெடல் இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது.

முதலில் குனிந்து நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலிப்பரில் நிப்பிள் மேல் பக்கம் இருக்க வேண்டும், காற்று மேலேதான் போய் நிற்கும். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும், நிப்பிள் மட்டும் கீழே வந்துவிடும், அப்புறம் பொழுதெல்லாம் மிதித்தாலும் காற்று வராது.

அது சரியாக இருந்தால் அடுத்தது, பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்கோ தண்டோ வைத்த ஒரு வால்வு சில வண்டிகளில் இருக்கும், பின்னால் பாரம் எவ்வளவு என்று பார்த்து அழுத்தத்தை விடுவதற்காக. வண்டியைத் தூக்கி வீல் தொங்கினால் பின்னால் பாரமே இல்லை என்று அது நினைத்துக்கொண்டு ஆயிலைக் குறைத்துவிடும். அதன் லீவரைப் பாரம் இருக்கும்போது நிற்கிற பக்கம் தள்ளிக் கட்டிவைத்துக்கொண்டு ஏர் எடுங்கள்.

எந்த வீலில் ஆரம்பிப்பது என்பதும் கேட்கிறார்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருக்கிற வீல் முதலில் என்பதுதான் பொது வழக்கம். வெளிநாட்டு வீடியோக்களில் வலது பின் வீல் என்பார்கள், அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். நம் வண்டிகளில் அது பெரும்பாலும் இடது பின் வீல். மேனுவலில் வேறு வரிசை போட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள். ஹோஸ் மாட்டுகிற இடத்தில் செம்பு வாஷர் இரண்டும் புதுசு போடுங்கள், பழைய வாஷர் ஒருமுறை நசுங்கியது, கசியும்.

எந்த பிரேக் ஆயில்?

மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அது. பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. புதிதாக இருக்கும்போது டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது இந்த ஆயிலின் குணம், உறிஞ்சியதும் தரத்தின்படி அவை 140, 155 டிகிரி வரை இறங்கலாம். எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், திறந்து பாதி மிச்சம் வைத்த பாட்டிலை அடுத்த வருஷம் ஊற்றாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கான், இவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4 வகையைச் சேர்ந்ததுதான்.

புதுக் காலிப்பர் போட்டும் ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லையே?

வரிசை மாறியிருக்கும். முதலில் கேபிளைத் தளர்வாக வைத்துவிட்டு, பிரேக் பெடலை நிதானமாகப் பல தடவை மிதிக்க வேண்டும், உள்ளே இருக்கிற அட்ஜஸ்டர் பிஸ்டனைத் தேவையான தூரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். அதற்குப் பிறகுதான் கேபிளை இறுக்குவது. இறுக்கிய பிறகும், ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்கும்போது காலிப்பரில் உள்ள லீவர் அதன் முட்டுக்கட்டையில் போய் உட்கார வேண்டும். கேபிளை முன்கூட்டியே இழுத்துக் கட்டிவிட்டால் லீவர் பாதி திரும்பியே நிற்கும், அட்ஜஸ்டர் வேலை செய்யாது, நாளாக ஆக ஹேண்ட்பிரேக் இன்னும் மேலே மேலே வரும். மெக்கானிக் திரும்பவும் கேபிளைத்தான் இறுக்குவார்.

சோதித்துப் பார்க்க எங்கேயும் போக வேண்டாம், பக்கத்து ஆற்றுப் பாலத்து ஏற்றம் போதும். போக்குவரத்து இல்லாத நேரத்தில் அங்கே நிறுத்தி, கால் பிரேக்கில் தயாராக இருக்க, கையால் மட்டும் பிடித்துப் பாருங்கள்.

வேலை முடிந்தது. உடனே ஓட்டலாமா?

வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைக் கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் மிதி தரையைத் தொடும், வாசலில் இருந்து எடுத்ததுமே மதிலில் இடிப்பவர்கள் இதனால்தான் இடிக்கிறார்கள். பிறகு காலை நேரத்தில் காலியான பைபாஸில் 60-லிருந்து 20 வரை நிதானமாகப் பிரேக் பிடித்து, விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி பிடித்து என்று பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும் வரை செய்யுங்கள். சூடாக இருக்கும்போது முழுக்க நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள். மறுநாள் ஹோஸ் மாட்டிய இடங்களில் கசிவு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டிஸ்க் பழையதையே வைத்திருந்தால் அதன் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும், வெர்னியர் வைத்து அளந்து அதற்குக் கீழே போயிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

அறுவடை சமயத்தில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் கிடக்கிறதே, அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

எந்தக் காலிப்பர் போட்டாலும் நெல்மணி மேல் டயர் வழுக்கும். அங்கே வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை, நெல் தொடங்குவதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும், அதன் மேல் ஏறிய பிறகு மிதிக்கக் கூடாது. வைக்கோல் ஹப்பிலும் ஹேண்ட்பிரேக் கேபிளிலும் சுற்றிக்கொள்ளும், சூடான டிஸ்க்குக்குப் பக்கத்தில் அது இருப்பது நல்லதல்ல, வீட்டுக்கு வந்ததும் வண்டி ஆறிய பிறகு குனிந்து உருவிவிடுங்கள். வெள்ளத் தண்ணீரில் இறங்கி ஏறினால் பெடலை லேசாகத் தொட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி ஈரத்தைக் காயவிடுங்கள், டிரம்மில் இதற்கு அதிக நேரம் எடுக்கும். 2018-இல் கஜா புயல் சமயத்தில் பார்த்த மாதிரி நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். பின் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, வீல் பேரிங்கையும் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுவது.

கழற்றிய பழைய காலிப்பரை என்ன செய்வது?

பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். பழைய மாடலுக்குப் பார்ட்ஸ் கிடைப்பது நாளுக்கு நாள் குறைகிறது. உடம்பு வெடிக்காமல் இருந்தால் சுத்தம் செய்து, ஆயில் போகிற துளையை அடைத்து, இடது வலது என்று பெயின்ட்டில் எழுதி எடுத்து வையுங்கள்.